ரெண்டாங்கைத் திருப்பி அனுப்பிய வீடு

கேள்வி:

அம்மா, எனக்கு வயது 28. கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பல்கலைக்கழகக் காலத்தில் ஒன்றாகத் தொண்டூழியம் செய்த நாங்கள் ஐந்து பெண்கள், 22 மாதங்களுக்கு முன் செந்தூலில் இரட்டை மாடி வரிசை வீடு ஒன்றை 2,000 ரிங்கிட் வாடகைக்கு எடுத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துக் குடியேறினோம். ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது. வாடகை போக, ஆளுக்கு 150 ரிங்கிட் பொதுச் செலவுக்குப் போடுகிறோம். வாரத்தில் மூன்று இரவுகள் 12 பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்துகிறோம். ஞாயிறுதோறும் அருகிலுள்ள அடுக்குமாடியில் தனித்து வாழும் முதியவர்களுக்குச் சைவ உணவு சமைத்துக் கொடுக்கிறோம். வெளியிலிருந்து ஆறு பேர் வந்து உதவுகிறார்கள்; நன்கொடைகள் என் வங்கிக் கணக்குக்கு வருகின்றன.

இவ்வளவு செய்தும் எங்கள் தெருவில் எவரும் எங்களோடு ஒட்டவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் காலணிகளைப் பற்றியும், எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும் குறை கூறுகிறார்கள். நோன்புப் பெருநாளன்று மக்சிக் ரெண்டாங் என்னும் இறைச்சிப் பதார்த்தத்தைக் கொடுத்தனுப்பினார். எங்கள் வீடு சைவம் என்பதால் நன்றி கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அது முதல் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்குள்ளும் பூசல், தாதியாகப் பணிபுரியும் தோழி எதிலும் பங்கேற்காமல் தூங்குகிறாள். சென்ற மாதம் டியூஷனுக்கு வரும் 11 வயதுச் சிறுமி, தந்தை குடித்துவிட்டு அடித்ததால் எங்களிடம் வந்து இரண்டு இரவுகள் தங்கினாள். தந்தை வாசலில் நின்று கூச்சலிட்டார். பிறகு அழைத்துச் சென்றுவிட்டார். சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவோ, "கல்யாணம் ஆகவேண்டிய பெண் ஆசிரமம் நடத்துகிறாயா?" என்கிறார். இரண்டு மாதத்தில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. வீட்டை மூடிவிடலாமா?

— வாசகி, செந்தூல்

பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் கடைசியில்தான் வருவேன். நீங்கள் இரண்டு மூன்று வரிகளில் கடந்து சென்றுவிட்ட அந்தச் சிறுமியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாத செய்தி அது ஒன்றே.

அடிபட்டு வந்த பிள்ளைக்குக் கதவைத் திறந்தது சரி. ஆனால் அன்றிரவே காவல் துறைக்கோ சமூக நல இலாகாவுக்கோ தெரிவிக்காமல் அவளை வைத்திருந்தது, அவளுக்கும் பாதுகாப்பில்லை, உங்களுக்கும் பாதுகாப்பில்லை. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி, வீட்டில் அடிக்கப்படும் பிள்ளையைப் பாதுகாக்கும் அதிகாரம் சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்கும் காவல் துறைக்கும் உண்டே தவிர, நல்ல மனம் படைத்த அண்டை வீட்டாருக்கு இல்லை. ஒரு கோபக்காரத் தந்தை நிலையத்துக்குச் சென்று, தம் மகளை ஐந்து பெண்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று புகார் எழுதியிருந்தால், அதற்கு மறுமொழியாகக் காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது. நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைத்து, நடந்ததை நாள், நேரம், நீங்கள் கண்ட காயம், சிறுமி சொன்ன சொற்கள் என்று விவரமாகத் தெரிவிப்பதுதான். அது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் அரசாங்க உதவி எண். ஒரு மாதம் கடந்துவிட்டதே என்று தயங்காதீர்கள். அவள் மீண்டும் அடிபட்டு வந்தால், முதலில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் எழுதும் குறிப்பு அவளுக்காகப் பேசும். எவரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் அந்தப் பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுச் சமூகப் பணியில் நான் கொடுத்து, பின்னர் மீற நேர்ந்து, இன்றும் வருந்துகிற வாக்கு அது ஒன்றுதான்.

டியூஷன் நடக்கும் இரவுகளுக்கும் இதையொட்டிச் சில வரம்புகள் வேண்டும். எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். வகுப்பு முன் கூடத்தில், கதவு திறந்தபடி நடக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தொண்டூழியர் எவரும் ஒரு பிள்ளையைத் தனியே மாடிக்கோ காருக்கோ அழைத்துச் செல்லக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இருக்க வேண்டும். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே 2017இல் இந்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் தோழர்கள் மீது ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. பெற்றோர் உங்களைக் கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கு நீங்களே முந்திக்கொண்டு விடையளிப்பது உங்கள் கடமை என்பதால் சொல்கிறேன்.

இனி ரெண்டாங்குக்கு வருகிறேன். தெரு உங்களோடு ஒட்டாததற்கு நீங்கள் காலணியையும் மோட்டார் சைக்கிளையும் காரணமாகக் காட்டுகிறீர்கள். எனக்கு அந்தக் கிண்ணம்தான் காரணமாகத் தெரிகிறது. 22 மாதங்கள் என்றால் ஏறத்தாழ 95 ஞாயிறுகள்; அத்தனை ஞாயிறுகளிலும் நீங்கள் சமைத்துப் பிறருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தெரு உங்களுக்குக் கொடுக்க முன்வந்தது ஒரே ஒரு முறை. அடுப்பின் முன் பல மணி நேரம் நின்று, தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரியும்வரை கிளறி எடுத்த ஓர் உணவைப் பெருநாளன்று உங்கள் வாசலுக்குக் கொடுத்தனுப்பிய பெண்மணியிடம், பாத்திரத்தோடு உணவையும் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். அண்டை வீட்டார் பலகாரம் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று நம் தாய்மார்கள் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். அவர் அனுப்பியதே அவரிடம் திரும்பினால் என்ன பொருள் என்று நம் வழக்கத்தில் சொல்லிவைக்கவே இல்லை, அப்படி எவரும் செய்வார்கள் என்று எண்ணாததால்.

உங்கள் சைவத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அன்று அதை இரு கைகளாலும் வாங்கி, நன்றி சொல்லி, இறைச்சி உண்ணும் தோழர் எவருக்காவது கொடுத்துவிட்டு, கழுவிய பாத்திரத்தில் முறுக்கோ வாழைப்பழமோ வைத்து மறுநாள் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இறைச்சி வீட்டு வாசலைத் தாண்டுவதே உங்களுக்கு உடன்பாடில்லையென்றால், ரமலான் மாதம் தொடங்கும்போதே மதிலோரம் நின்று, "மக்சிக், நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை, ஆனால் உங்கள் வீட்டுக் கெத்துப்பாட்டும் லெமாங்கும் எங்களுக்கு வேண்டும்" என்று உரிமையோடு கேட்டிருக்கலாம். ஓலையில் வெந்த சோற்றுக்கும் மூங்கிலில் வெந்த புளுட் (பசை) அரிசிக்கும் எந்தச் சைவமும் தடை சொல்லாது. கேட்கப்பட்டவருக்கும் அது ஒரு மகிழ்ச்சி. இப்போதும் போங்கள். விளக்கக் கடிதம் வேண்டாம். உணவுப் பொட்டலமும் வேண்டாம். அன்று எங்களுக்கு அந்த வழக்கம் தெரியாமல் போயிற்று, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு, அவரிடமிருந்து ஏதேனும் ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஏணி கேளுங்கள், செரை (எலுமிச்சைப் புல்) செடியின் ஒரு தூறு கேளுங்கள், குழாய் பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண் கேளுங்கள்.

நான் பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) பிறந்தவள். அங்கே அக்கம்பக்கம் என்பதைக் கைமாற்றுதான் தாங்கி நின்றது. பால் டின்னில் அளந்து வாங்கிய அரிசி, அரைப் போத்தல் மண்ணெண்ணெய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு இரவுக்கு ஒரு போர்வை என்று ஒவ்வொரு வீடும் மற்றொரு வீட்டுக்கு எப்போதும் ஏதோ ஒன்றைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அந்தக் கடன் முழுதாக அடைந்துவிடாமல் இருந்ததால்தான் போக்குவரவும் நிற்கவில்லை. (லயத்து வாழ்க்கையைப் பொற்காலமாக்கிப் பேசுவோர் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம். கள்ளுக்கடையும் சாதியும் புறம்பேச்சும் அங்கேதான் இருந்தன. குழாயடியில் என் தாயார் பட்ட அவமானங்களையும் நான் மறக்கவில்லை.) நீங்களோ எவரிடமும் எதையும் வாங்காத ஒரு வீட்டைக் கட்டியிருக்கிறீர்கள். கொடுப்பது மட்டுமே வெளியே வரும் வீட்டை மக்கள் மதிப்பார்கள், கும்பிடுவார்கள், தேவைப்பட்டால் வரிசையில் நிற்பார்கள். ஆனால் மாலையில் மதிலில் சாய்ந்து நின்று அதனோடு பேசமாட்டார்கள். 2021ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டும்படி ஓர் இயக்கம் எழுந்தது நினைவிருக்கும். கொடியைக் கண்டு ஓடி வந்தவர்களை நான் போற்றுகிறேன். ஆனாலும் கொடி கட்டிய வீட்டின் இரு பக்கத்து மதில்களையும் பார்க்கும்போதெல்லாம், அந்த வீட்டில் அரிசி தீர்ந்த செய்தி அண்டை வீட்டாருக்கு ஒரு துணித்துண்டின் மூலமாகத்தான் தெரிய வேண்டியிருந்ததே என்று மனம் கனத்தது.

காலணியையும் மோட்டார் சைக்கிளையும் பற்றிய குறைகளை நீங்கள் எதிர்ப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை அந்தத் தெரு உங்களோடு தொடங்கிய முதல் உரையாடலாகவே தோன்றுகின்றன. குறை கூறுபவர், நீங்கள் திருத்திக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் கூறுகிறார். நம்பிக்கை இல்லாதவர் நேரே மாநகர் மன்றத்துக்கு எழுதுவார். காலணிகளுக்கு மதிலுக்கு உட்புறம் ஓர் அடுக்கு வாங்கி வையுங்கள், செலவு அறுபது ரிங்கிட்டைத் தாண்டாது. மோட்டார் சைக்கிள்களை எங்கே நிறுத்தலாம் என்று அந்தப் பெரியவரிடமே கேளுங்கள். தெருவில் நீண்ட காலம் வாழ்ந்தவருக்கு எந்த இடத்தில் லாரி திரும்பும், எந்த வீட்டுக்கு இரவில் நோயாளியை ஏற்ற வண்டி வரும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் உங்களைப் போன்ற ஒரு பழைய வீட்டை நினைவுகூர்கிறேன். லண்டனின் கிழக்குப் பகுதியில் 1884இல் டாய்ன்பி ஹால் தொடங்கப்பட்டது. படித்த இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே குடியிருந்து பணியாற்ற வேண்டும் என்பது அதன் எண்ணம். அதைக் கண்டு திரும்பிய ஜேன் ஆடம்ஸ், தம் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889இல் சிக்காகோவில், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில், ஹல் ஹவுஸ் என்ற வீட்டில் குடியேறினார். அங்கே வகுப்புகளும் குழந்தைகள் பள்ளியும் நடந்ததை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்த செய்தி வேறு. தெருவில் குப்பை அள்ளப்படாமல் அழுகிக் கிடந்தது. ஜேன் ஆடம்ஸ் 1895இல் அந்த வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளர் பதவியை ஏற்று, விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் சென்றார். தம் வீட்டு வாசலிலும் நாறிய ஒன்றை அண்டை வீட்டாரோடு சேர்ந்து எதிர்கொண்டது அது. பின்னர் 1931இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்கான பாதையில் குப்பை வண்டியும் இருந்தது என்று என் மாணவிகளிடம் நான் சொல்வதுண்டு.

செந்தூலில் உங்கள் குப்பை வண்டி ஏடிஸ் கொசுவாக இருக்கலாம். முட்டை, பறக்கும் கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாட்கள் போதும். பறந்தால் சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே சுற்றும். ஆகவே உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டை நீங்கள் எவ்வளவு துடைத்தாலும், மக்சிக் வீட்டுக் கூரைத் தகர வடிகாலிலும் பெரியவர் வீட்டுப் பழைய டயரிலும் நீர் தேங்கினால், டெங்கி உங்கள் ஐவரையும் விட்டுவைக்காது. உங்கள் வீட்டில் தேங்கினால் அவர்களையும் விட்டுவைக்காது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், தெருவிலுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை இது. நீங்கள் தொடங்கி நடத்தாதீர்கள். உங்கள் பகுதியில் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு இருக்கிறதா என்று அந்தப் பெரியவரிடம் விசாரித்து, இருந்தால் அதன் கூட்டத்துக்குச் சென்று பின்வரிசையில் உட்காருங்கள். 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 2012இல் தனிச் சட்டமும் பெற்ற அமைப்பு அது. சில தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) பெயரளவில் இருக்கும், சிலவற்றில் இரவு ரோந்துவரை நடக்கும். அடுத்த கோத்தோங் ரோயோங்கில் (கூட்டுத் துப்புரவுப் பணியில்) உங்கள் வீட்டுப் பெயர் பொறித்த சட்டைகளை அணிந்துகொண்டு ஐவரும் அணிவகுக்காமல், கையில் துடைப்பத்தோடு போய், எங்கே பெருக்க வேண்டும் என்று கேட்டுப் பெருக்குங்கள்.

ஞாயிறு உணவையும் இந்த நோக்கில் ஒருமுறை பாருங்கள். தனித்திருக்கும் முதியவர்களுக்கு உணவு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீங்கள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கதவைத் தட்டும்போது, உள்ளே இருப்பவர் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த பேச்சு அவரிடமே தங்கிவிடுகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் சமையுங்கள். மற்ற இரண்டில் வெறுங்கையோடு போய் உட்காருங்கள். ஒரு காலத்தில் முப்பது பேருக்குச் சமைத்துப் போட்ட கைகளும் அவர்களிடையே இருக்கும். ஒரு பாட்டியை உங்கள் வீட்டுச் சமையலறை நாற்காலியில் அமரவைத்து, சாம்பாருக்கு அவர் சொல்லும் அளவை அப்படியே போடுங்கள். அடுக்குமாடியில் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்களும் இருக்கக்கூடும். உங்கள் ஆட்டம் காணும் டியூஷன் மேசைகளைச் சரிசெய்ய அவர்களைக் கேளுங்கள். வாங்கிக்கொள்வது மட்டுமே தம் பங்கு என்று ஆகிவிட்ட ஒருவரிடமிருந்து நீங்கள் ஒன்றைக் கேட்கும்போது, அவர் முதுகு நிமிர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

வீட்டுக்குள் வருவோம். தூங்கும் தோழியைப் பற்றி நீங்கள் எழுதிய வாக்கியத்தை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன். தாதிக்கு முறைவேலை, இரவு முழுவதும் நோயாளிகளின் படுக்கைக்கும் மருந்து வண்டிக்கும் இடையில் நின்றுவிட்டுக் காலையில் வீடு திரும்புகிறவள், கூடத்தில் 12 பிள்ளைகளின் வாய்ப்பாட்டுச் சத்தத்துக்கு மேல் மாடியில் தூங்க முயல்கிறாள். உங்கள் ஐவரில் சேவையையே தொழிலாகச் செய்பவள் அவள். அவளுக்கு வீடு என்பது சேவை நின்றுபோகும் இடமாக இருக்க வேண்டும். முதியவர்களின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும், வேண்டாம். அவள் விரும்பினால் செடிக்கு நீர் ஊற்றட்டும், மாதக் கணக்கு எழுதட்டும், எதுவும் செய்யாமல் வாடகையைக் கொடுத்துவிட்டு நல்ல தோழியாக இருக்கட்டும். வீட்டுவேலை வேறு, தொண்டு வேறு. பாத்திரம் கழுவுவதிலும் குளியலறை தேய்ப்பதிலும் ஐவருக்கும் சம பங்கு உண்டு, அதில் விலக்கு இல்லை; தொண்டில் பங்கேற்பது அவரவர் விருப்பம், அதில் கட்டாயம் இல்லை. நீங்கள் இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பீர்கள் என்பது என் ஊகம்; பூசலின் வேர் அந்தத் தாளில் இருக்கிறது.

பணத்திலும் இதே குழப்பம்தான். ஆளுக்கு 150 ரிங்கிட் என்றால் மாதம் 750. அதிலிருந்தே வீட்டு அரிசியும் மின்கட்டணமும், அதிலிருந்தே முதியவர் உணவும் போகின்றன என்றால், மாதக் கடைசியில் வீட்டில் பால் மாவு இல்லாமல் போகும்போது, தொண்டின் மீது எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஹல் ஹவுஸில் குடியிருந்தவர்கள் தங்கள் தங்கும் செலவையும் உணவுச் செலவையும் தாங்களே கொடுத்தார்கள். தொண்டுக்கு வந்த பணம் தனியே இருந்தது. இரண்டு பைகள், இரண்டு நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். கணக்காய்வாளரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான், ஆனால் மருத்துவர் வீட்டில்தான் மருந்து அலமாரி காலியாக இருக்கும். நன்கொடை உங்கள் சொந்தக் கணக்குக்கு வருவதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். உங்கள் சம்பளமும் பிறர் கொடுத்த காசும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கும்போது, நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அதை மெய்ப்பிக்க முடியாது. நம் மக்கள் பணத்தைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்யத் தெரியாதவர்கள் அல்லர்; தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களின் சிறு சிறு தொகைகளைத் திரட்டித்தான் தோட்டங்களை வாங்கியது. முறையாகப் பதிவு பெற்ற சங்கம் அது.

பதிவு என்று சொன்னதால் சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம், ஏழு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிய அமைப்பைச் சங்கமாகக் கொள்கிறது. நீங்கள் ஐவர், உதவ வருபவர்கள் அறுவர், பொதுவான ஒரு பெயர், நன்கொடை என்று சேர்ந்துவிட்டதால், சங்கப் பதிவிலாகாவை அணுகுங்கள், அல்லது ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு கோயிலின் அல்லது மன்றத்தின் துணைப் பணியாக உங்கள் தொண்டை இணைத்துவிடுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், ஏனெனில் செயலவைக் கூட்டங்களில் கருகிப்போன நல்ல நட்புகளை நிறையக் கண்டிருக்கிறேன். வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் பணம் திரட்ட உரிமம் வேண்டும், அதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வழக்கமாகக் கற்பிக்கப்படும் இடத்தை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளி என்றே வரையறுக்கிறது. உங்களிடம் 12 பிள்ளைகள். இலவசம்தானே என்று இருந்துவிடாமல், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், அதுவரை வகுப்பைக் கோயில் மண்டபத்துக்கோ ருக்குன் தெத்தாங்கா நிலையத்துக்கோ மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாறினால் உங்கள் தோழிக்குத் தூக்கமும் மக்சிக்குக் காலணி இல்லாத வாசலும் ஒருசேரக் கிடைக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் நெருங்கி வந்த பிறகு, மாதக் கூட்டு (சீட்டு) பிடிக்க உங்களை நடத்துநராக அழைப்பார்கள், கணக்குத் தெரிந்தவர் என்பதால். மறுத்துவிடுங்கள். அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டே சட்டம் தடைசெய்துவிட்டது. நம் தமிழ்ச் சொல்லான கூட்டு அந்தச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது என்பது பெருமைப்பட வேண்டிய செய்தியா என்று எனக்குத் தெரியவில்லை.

வாடகை ஒப்பந்தம் உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறது என்பதன் பொருளை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா? நால்வரும் நாளை விலகிச் சென்றாலும் 2,000 ரிங்கிட்டையும் வீட்டுக்காரர் உங்களிடமே கேட்பார். அந்த பாரம்தான் உங்களை வீட்டில் தோழியாக இருக்கவிடாமல் வார்டனாக ஆக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். புதிய ஒப்பந்தம் ஐவர் பெயரிலும் இருக்கட்டும். அப்போதும், வேறு வகையாக எழுதப்பட்டாலன்றி, வீட்டுக்காரர் எவர் ஒருவரிடமும் முழுத் தொகையைக் கேட்க முடியும் என்பதால், உங்களுக்குள் தனியாக ஓர் எழுத்து வேண்டும். விலக விரும்புபவர் எத்தனை மாதம் முன்னர் சொல்ல வேண்டும், முன்பணத்தில் அவர் பங்கு எப்போது திரும்பும், மாற்றாள் யார் சம்மதத்தோடு வருவார் என்பவற்றை இரண்டு பக்கத்துக்குள் எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்பை நம்பாததால் எழுதுகிறோமா என்று ஒருத்தி கேட்பாள். திருமணம் முடிந்தோ வேலை மாறியோ அவள் பிரியும் நாளில் மனக்கசப்பில்லாமல் விருந்து வைத்து வழியனுப்ப வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம் என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்தத் தவறாதீர்கள். செலுத்தாத ஒப்பந்தம் வழக்கென்று வந்தால் தொல்லை தரும். வீட்டில் வகுப்பு நடப்பதும் சமையல் நடப்பதும் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் காணோம். தெரியாதென்றால், புதுப்பிக்கும்போது சொல்லிவிடுங்கள்.

உங்கள் தாயாரின் கேள்வியில் கேலி இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள்; எனக்கு அதில் அச்சம்தான் கேட்கிறது. ஆசிரமங்களையும் இல்லங்களையும் அவர் தலைமுறை அறியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆதரவற்ற பிள்ளைகளுக்காகச் சுவாமி சத்தியானந்தர் கட்டியெழுப்பிய சுத்த சமாஜம் இன்றும் பூச்சோங் சாலையில் இருக்கிறது. அங்கே தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்த அன்னை மங்களத்தைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்த் தாய்மார் அரிது. தம் மகளும் அந்த வழியில் போய்விடுவாளோ என்று அவர் தூக்கமில்லாமல் இருக்கலாம். உங்களுடையது அத்தகைய துறவு இல்லம் அன்று. வேலைக்குப் போகும் ஐந்து பெண்கள் வாடகையைப் பகிர்ந்து, மாலையில் கொஞ்சம் ஊருக்கும் உழைக்கும் சாதாரண வீடு. அதைத் தொலைபேசியில் விளக்கிப் பயனில்லை. ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லுங்கள்.

வீட்டை மூடலாமா என்று கேட்டீர்கள். ஐவரும் ஓர் இரவு உட்கார்ந்து, தொண்டு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஐவரோடும் ஒரே கூரையின் கீழ் வாழ விருப்பமா என்று ஒவ்வொருவரும் வாய்திறந்து சொல்லுங்கள். இரண்டு பேர் இல்லை என்றால் மூடுங்கள், அதில் தோல்வி ஏதுமில்லை. டியூஷனும் உணவும் வேறு இடத்தில் தொடரலாம். மூவருக்கு மேல் ஆம் என்றால், இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திடாமல் ஓராண்டுக்குக் கேளுங்கள், முடிந்தால் ஆறு மாதத்துக்கு. வீட்டுக்காரர் இணங்கினால், அந்த முதல் மாதத்திலேயே தாயாரை வரவழையுங்கள். அவர் இருக்கும் வாரத்தில் ஞாயிறு சமையலை நிறுத்திவைத்துவிட்டு, மக்சிக்கிடம் போய், எங்கள் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், செந்தூல் சந்தையில் நல்ல கீரை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும், உங்கள் தாயார் கூடப் போகட்டும்.